விமானி ஒருவருக்கு நினைவு மலர்: கிளிநொச்சி அச்சகம் ஒன்றின் வேலை

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு முன்னதாக நினைவு மலர் அச்சாகி வந்துவிட வேண்டும். சைவக் குடும்பங்களில் அதைக் கல்வெட்டு என்பார்கள். கத்தோலிக்கரான நாங்கள் நினைவு மலர் என்கிறோம். அச்சகத்துக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், உள்ளே தேவாரம் வருமா செபமாலை வருமா என்பது மட்டுமே அவர் கேட்கும் கேள்வி. ஆசிரியையாக இருந்தவள் என்பதால் உறவிலும் ஊரிலும் வெளிவந்த மலர்கள் பலவற்றுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் முன்னட்டைப் படத்தையும் பெயரையும் கையால் மறைத்துவிட்டால், அது யாருடைய மலர் என்று அவருடைய பிள்ளைகளாலேயே சொல்ல முடியாது. எல்லோரும் இன்முகத்தோடு வாழ்ந்திருப்பார்கள். எல்லோரும் வந்தாரை வரவேற்றிருப்பார்கள். அண்மையில் என் பெரியப்பாவுக்காகக் கிளிநொச்சி அச்சகம் ஒன்றில் நாங்கள் செய்வித்த மலர் அப்படி அமையவில்லை. அதன் நிறைகுறைகளை இங்கே எழுதுகிறேன். அச்சகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை; உரிமையாளர் விளம்பரம் வேண்டாம் என்றார், சில தவறுகளையும் சொல்லப்போவதால் எனக்கும் அதுவே வசதியாக இருக்கிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏ5 அளவில் 52 பக்கங்கள், உட்பக்கங்களுக்கு 100 கிராம் கடதாசி, அட்டைக்கு 250 கிராம் ஆர்ட் அட்டை, அதன்மேல் மங்கலான லமினேற், நடுவில் பின் அடித்த கட்டு, 300 பிரதிகள். பிரதி ஒன்றுக்கு 460 ரூபா பேசினோம். பாதிப் பணத்தை முன்னதாகக் கொடுத்தோம். ஒன்பது நாளில் தருவதாகச் சொன்னார்கள், பன்னிரண்டு நாள் எடுத்தது. அந்த மூன்று நாள் தாமதத்தில் ஒன்றரை நாள் எங்களுடையது.

மலருக்குரியவரைப் பற்றிச் சொல்லாமல் மலரின் வேலையை எடைபோட முடியாது. பெரியப்பா மாந்தைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் 1936இல் பிறந்தவர். 1955இல் விமானப்படையில் சேர்ந்து, இருபது ஆண்டுகள் விமானியாக இருந்து, 1975இல் ஸ்குவாட்ரன் லீடர் நிலையில் ஓய்வுபெற்றார். அவர் சேர்ந்தபோது அதன் பெயர் றோயல் சிலோன் எயார் போர்ஸ். 1951இல் தொடங்கப்பட்ட, இன்னும் பால்குடி மறவாத ஒரு படை. தரைப்படைக்கு அன்ரன் முத்துக்குமாரு தளபதியாக இருந்த காலம் அது. சில ஆண்டுகளில் கடற்படைக்கு ராஜன் கதிர்காமர் தளபதியானார். தமிழ்ப் பிள்ளை ஒருவன் சீருடை போடுவதை ஊரில் எவரும் வியப்பாகவோ குற்றமாகவோ பார்த்திராத காலம். ஓய்வுபெற்றபின் அக்கராயனில் வயற்காணி வாங்கிக் கமம் செய்தார், கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார், வாழ்வின் இரண்டாம் பாதியை மடுக் கோவிலுக்குக் கொடுத்தார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வன்னியில் விமானி என்ற சொல்லை எழுதினால் வாசிப்பவரின் கண் முதலில் வானத்துக்குப் போகும். கிபிர் என்பது இஸ்ரேலில் செய்யப்பட்ட ஒரு போர்விமானத்தின் பெயர் என்று அறியாத குழந்தைகளும் அதன் ஒலியை அறிந்து பங்கருக்குள் குதித்த மண் இது. அந்த விமானங்கள் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பெரியப்பா படையை விட்டுவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். மலரை வாங்கிப் பார்க்கும் ஒருவருக்கு அது எப்படித் தெரியும்? குடும்பத்தில் சிலர் விமானப்படைக் கதையை ஒரு பந்தியோடு முடித்துவிட்டு, மிச்சத்தைக் கோவில் சேவையால் நிரப்பிவிடலாம் என்றார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகனோ, அப்பா பறந்த கதைதான் முழு மலரும் என்று நின்றார்.

அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவர் இருபத்தைந்து வயதைத் தாண்டாத ஒரு பெண்பிள்ளை. நாங்கள் போன முதல் நாளே ‘படையில் இருந்தவர்களுக்கான’ ஆயத்த அட்டை ஒன்றைக் கணினித் திரையில் காட்டினார். நீல வானம், வெண்முகில், அதைக் கிழித்துக்கொண்டு மேலே செல்லும் கூர்மூக்கு ஜெற் விமானம். பெரியப்பாவின் மகன் வாட்ஸ்அப் அழைப்பில் அதைப் பார்த்து நல்லாயிருக்கு என்றுவிட்டார். பிள்ளை சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “ரீச்சர், இந்தப் படத்தை முன்னுக்குப் போட்டா எங்கட சனம் கையால வாங்காது. ஐயா ஓட்டின பிளேன் எது? அதின்ர படம் இருக்கே?”

இந்த ஒரு கேள்விக்காகவே நான் அந்த அச்சகத்துக்குப் பாதி மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுவேன். பணம் கொடுப்பவர் தலையாட்டிய பிறகு வடிவமைப்பாளர் வாய் திறப்பது எங்கள் ஊர் அச்சகங்களில் நடக்காத காரியம். அவர் கேட்டபடியால்தான் நாங்கள் வீட்டிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்தோம். பெரியப்பா டி ஹவிலண்ட் டோவ் ஒன்றின் இறக்கையடியில் நிற்கும் சிறிய கறுப்புவெள்ளைப் படம் கிடைத்தது. இரண்டு இயந்திரங்களும் குட்டை மூக்கும் கொண்ட, ஏறத்தாழ ஒரு சிற்றூர்ந்தின் முகபாவம் உள்ள அந்த விமானத்தைப் பார்த்து எவரும் அஞ்ச மாட்டார்கள். முன்னட்டைக்கு அதுவே போயிற்று.

ஆயத்த வடிவங்களை அப்படியே எடுத்து நிரப்புவதுதான் இந்த அச்சகத்தின் பெரிய குறை. முதல் மெய்ப்பின் தலைப்பில் பிள்ளையார் சுழியும் சிவமயமும் இருந்தன. கத்தோலிக்க வீட்டு மலர் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். பெரியப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார், திருக்கேதீச்சரத்து மணி கேட்டு வளர்ந்தவர். ஆனால் பங்குத்தந்தையின் கையில் அதைக் கொடுக்க முடியாது என்பதால் இயேசு மரி சூசை என்று மாற்றச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் ‘வான்படை வீரர்’ என்றிருந்தது. வீரர் என்ற சொல்லுக்கு எங்கள் மண்ணில் வேறு நினைவுகளும் வேறு கல்லறைகளும் உண்டு. ஒரு தரப்பாருக்கு அது புண்படுத்தும், மறு தரப்பாருக்குச் சந்தேகம் வரவைக்கும். விமானி என்ற சொல் போதும் என்று முடிவுசெய்தோம். இந்த மாற்றத்துக்கு மட்டும் பிள்ளை விளக்கம் கேட்கவில்லை.

எழுத்துருத் தொல்லையைச் சொல்லாமல் விட்டால் அடுத்து மலர் செய்விக்கப் போகிறவர்களுக்கு நான் துரோகம் செய்தவளாவேன். அச்சகம் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகிறது. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் கட்டுரைகளோ யூனிகோட்டில் வருகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறுவது பழகிய தொல்லை. எண்களும் குறிகளும் சேர்ந்து குழம்புவதை இம்முறைதான் கண்டேன். நான்காயிரத்தை அண்மித்த பறப்பு மணித்தியாலங்கள், நடுவில் ஒரு புள்ளி விழுந்து, ஏறத்தாழ நாற்பது மணித்தியாலங்களாகச் சுருங்கிவிட்டன. இருபது ஆண்டுகளில் நாற்பது மணித்தியாலம் பறந்தவரை விமானி என்று யார் சொல்வார்? மூன்றாவது மெய்ப்பில்தான் அது என் கண்ணில் பட்டது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கவென்று தனியாக எவரும் இல்லை. பார்த்துத் தருவதாகச் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்.

படங்களைச் சீர்செய்யும் வேலை நன்மையும் தீமையும் கலந்தது. மொத்தம் பதினொரு படங்கள். மூன்று படங்களின் ஓரம் செல்லரித்திருந்தது. அவற்றை நுட்பமாக நிரப்பியிருந்தார்கள். பிறகு எங்களைக் கேட்காமலே செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டு எல்லாவற்றுக்கும் நிறமேற்றிவிட்டார்கள். சீருடை பச்சையாகிவிட்டது. இருபத்தொரு வயது விமானப்படை அதிகாரி ஒருவர், வன்னியில் எவர் பார்த்தாலும் ‘ஆமி’ என்று சொல்லும்படி நின்றார். கூடவே அவருடைய இடப்புருவத்துத் தழும்பையும் அந்தச் செயலி மழுங்கடித்துவிட்டது. சிறுவயதில் பனையடியில் விழுந்து பெற்ற தழும்பு அது, அவரை அடையாளம் காட்டியதே அதுதான். எல்லாப் படங்களையும் பழையபடி கறுப்புவெள்ளையாக்கச் சொன்னோம். முகம் சுளிக்காமல் செய்துகொடுத்தார்கள், மேலதிகப் பணமும் கேட்கவில்லை. நாங்கள் இழந்த ஒன்றரை நாள், நிறம் வேண்டும் வேண்டாம் என்று குடும்பத்தார் தொலைபேசியில் வாதாடிய நேரம்.

உள்ளடக்கத்தில் பறப்பு வாழ்க்கைக்கு ஒன்பது பக்கங்கள் ஒதுக்கியிருந்தோம். அவை செறிவாக வந்திருப்பதற்குக் காரணம் பெரியப்பாவின் பறப்புப் பதிவேடு. நாள், விமானத்தின் வகை, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நேரம், குறிப்பு என்று கோடிட்ட அந்தப் பேரேட்டை 2009இல் அவர் பொலித்தீன் உறையில் சுற்றி, திருமுழுக்குச் சான்றிதழோடு சேர்த்து, இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். கட்டுநாயக்காவில் சிப்மங்க் பயிற்சி விமானத்தில் தொடங்குகிறது அது. வால்சக்கரம் கொண்ட அந்தச் சிறிய விமானம் தரையில் நிற்கும்போது மூக்கை உயர்த்தியபடி நிற்கும், முன்னால் ஒன்றும் தெரியாது. ஓடுபாதைக்குப் போகும்போது பாம்புபோல் வளைந்து வளைந்து பார்த்துப் போகவேண்டும் என்று பெரியப்பா எங்களுக்கு முற்றத்தில் நடந்துகாட்டியிருக்கிறார். பிறகு பொல்டன் போல் பலியோல், அதன்பின் டோவ், நான்கு இயந்திரங்கள் கொண்ட ஹெரன். 1959இல் படைக்கு ஜெற் புரொவோஸ்ட் விமானங்கள் வந்தபோது இளையவர்கள் எல்லோரும் அவற்றுக்கு ஆசைப்பட்டார்கள் என்றும், தான் ‘பாரவண்டி’யிலேயே இருந்துவிட்டதாகவும் சொல்வார். ஆசை இல்லாமலா, இடம் கிடைக்காமலா என்று நாங்கள் கேட்டதில்லை.

1957 டிசம்பர் வெள்ளத்தின் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த மழையில் நாச்சதூவக் குளம் உடைந்தது. வடமத்தியிலும் கிழக்கிலும் வன்னியிலும் குளக்கட்டுகள் அறுத்துக்கொண்டு போயின. பதிவேட்டில் அந்த நாட்களுக்கு நேரே குறிப்பு நிரலில் ‘அரிசி’, ‘பாண்’, ‘மருந்து’ என்ற ஒற்றைச் சொற்கள் மட்டுமே உள்ளன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த சூறாவளி, தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னாரையும் சாய்த்துவிட்டுப் போன மறுநாள், தான் பிறந்த கரைக்கு மேலாகப் பறந்திருக்கிறார்; அந்த வரியின் குறிப்பு நிரலில் சொல் எதுவும் இல்லை, ஒரு சிலுவை அடையாளம் மட்டும் இருக்கிறது. வடிவமைத்த பிள்ளை அந்த இரண்டு வரிகளையும் பெரிதாக்கி எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்திருந்தார். அப்படிச் செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை.

பதிவேட்டுப் பக்கங்களை வருடியெடுத்தபோது நீர்க்கறைகளை எல்லாம் துடைத்துப் பால்வெள்ளையாக்கியிருந்தார்கள். அது 2009ஆம் ஆண்டின் கடல்நீர், அது இருக்கட்டும் என்று சொல்லித் திருப்பி வரவழைக்க வேண்டியிருந்தது.

பக்திப் பகுதியில் அச்சகம் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. பெரியப்பா சட்டைப்பையில் எப்போதும் லொரேத்தோ மாதாவின் சிறிய பதக்கம் ஒன்றை வைத்திருந்தார். நாசரேத்தில் மாதா வாழ்ந்த வீட்டைச் சம்மனசுகள் வான்வழியாக இத்தாலியின் லொரேத்தோவுக்குச் சுமந்துவந்தார்கள் என்ற மரபை ஒட்டி, பதினைந்தாம் பெனடிக்ற் பாப்பரசர் 1920இல் அந்த மாதாவை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். இதை எழுதிக் கொடுத்திருந்தும், பக்கத்தில் லூர்து மாதாவின் படம் வந்திருந்தது. வெண்ணாடை, நீல இடைக்கச்சை, காலடியில் ரோசாப்பூ; வன்னியில் எந்தச் சந்தியிலும் காணக்கூடிய சொரூபம். லொரேத்தோ மாதா கருமுகம் கொண்டவர், உடல் முழுவதும் மணிபோல் விரிந்த ஆடைக்குள் இருப்பவர். தவறைச் சுட்டியதும் உரிமையாளர், மாதா எல்லாம் ஒன்றுதானே ரீச்சர் என்றார். இறையியலில் அவர் சொன்னது சரி, அச்சு வேலையில் சரியல்ல. படத்தை மாற்றினார்கள், ஆனால் இணையத்திலிருந்து எடுத்த சிறிய படம் என்பதால் மலர் முழுவதிலும் அந்த ஒரு படம் மட்டும் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது.

சேவைப் பகுதிதான் மலரின் உயிர். 1990இல் மடுவில் ஐ.நா. அகதிகள் நிறுவனம் அடைக்கல நிலையம் ஒன்றைத் திறந்தபின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோவில் காட்டுக்குள் குடிசை போட்டுத் தங்கின. பெரியப்பா அங்கே நாட்கணக்கில் தங்கி, வந்தவர்களின் பெயர்களை எழுதிவைத்தார். அந்தக் கொப்பிகளில் இரண்டு எஞ்சியிருக்கின்றன. அவற்றை விரித்தபோது பிள்ளை பறப்புப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே கோடு என்றார். உண்மைதான். எந்த நாள், எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர், குறிப்பு. விமானத்தின் வகை எழுதும் நிரலில் மட்டும் ‘நடை’, ‘உழவு இயந்திரம்’, ‘சைக்கிள்’ என்று இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கொப்பிகளைக் கண்டிருந்தும் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மலரின் நடுப்பக்க விரிப்பில் இடப்புறம் 1957ஆம் ஆண்டுப் பறப்புப் பதிவேடும் வலப்புறம் 1990ஆம் ஆண்டு மடுக் கொப்பியும் வந்திருப்பது முழுக்க அந்தப் பிள்ளையின் யோசனை.

கொப்பியின் கடைசி வரி 2008 ஏப்ரலுக்குரியது. போர் நெருங்கியபோது மாதாவின் திருச்சொரூபம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டதை அவர் ஒரு பறப்பைப்போலவே பதிந்திருக்கிறார்: புறப்பட்ட இடம் மடு, சேர்ந்த இடம் தேவன்பிட்டி, திரும்பிய நாள் என்ற நிரல் வெறுமை. சொரூபம் அந்த ஓகஸ்ட் மாதத்திலேயே மடுவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அப்போது பெரியப்பா போரின் மறுபக்கத்தில், அக்கராயனை விட்டுக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தார். “திரும்பின நாளை நிரப்பிவிடவா, இடம் வெறுமையா கிடக்கு” என்று பிள்ளை கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியே விட்டார்.

பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றிய பக்கங்களில் அயலவர்கள் எழுதியவை சேர்ந்திருக்கின்றன; சில நீண்டுவிட்டன. மண்ணெண்ணெயில் ஓடும்படி நீரிறைக்கும் இயந்திரங்களைச் சரிசெய்துகொடுத்தது, நாலு சொட்டுப் பெற்றோலை ஊற்றி முடுக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அவர் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது, ஜாம்போத்தல் விளக்கில் திரிகோணகணிதம் படிப்பித்தது ஆகியவை அங்கே உண்டு. ஒரு மாணவன் எழுதியிருப்பது என்னை நிறுத்தியது. வேவு விமானம் மேலே சுற்றும்போது, நாங்கள் வண்டு என்று சொல்லும் அதன் இரைச்சலைக் கேட்டு, பெரியப்பா சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் காதைச் சாய்ப்பாராம். சத்தம் ஒரே வட்டத்தில் நின்றால் பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளைப் பங்கருக்கு அனுப்புவார். விலகிப்போனால் விட்ட வரியிலிருந்து தொடருவார். வானத்தின் ஒலிகளை வாசிக்கத் தெரிந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

இன்னொரு கட்டுரையைச் சேர்ப்பதா என்று நாங்கள் இரண்டு நாள் தயங்கினோம். 2007 மார்ச் 26ஆம் நாள் வன்னியிலிருந்து சென்ற புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தில் குண்டு வீசின. மறுநாள் அயலவர்கள் பெரியப்பாவிடம் வந்து, இரவில் எப்படிப் பறந்திருப்பார்கள் என்று ஆவலோடு கேட்டிருக்கிறார்கள். தொழில்நுட்பத்தைச் சுருக்கமாக விளக்கிவிட்டு, அந்த ஓடுபாதையில் அதிகாலையில் கல்லும் தகரமும் பொறுக்குகிற தரைப்பணியாளர்களை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாராம். கட்டுரையை எழுதியவர் அதற்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அச்சகத்தார் ‘பிரச்சினை வருமோ’ என்று ஒருமுறை கேட்டார்கள். பொறுப்பு எங்களுடையது என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம்.

குறை என்று பார்த்தால், மலரின் பெருங்குறை அச்சகத்தினுடையது அன்று, எங்களுடையது. மூன்றாவது மெய்ப்பில் பிள்ளை இரண்டு இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். “ரீச்சர், ஏப்பிரல் அஞ்சு ரெண்டு இடத்தில வருது. ஒண்டு பிழையோ?” முதலாவது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய அந்த நாளில் பெரியப்பாவுக்கு ஆறு வயது. வவுனியாவிலிருந்த பிரித்தானிய விமானத்தளத்துக்குப் போகும் விமானங்களை அண்ணாந்து பார்த்துத்தான் தனக்கு ஆசை வந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டாவது 1971 ஏப்ரல் 5. தெற்கில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்த நாள். ஏக்கல விமானப்படை முகாமும் அன்று தாக்கப்பட்டது. படை முதன்முதலாகப் போரில் இறங்கியது அந்த மாதத்தில்தான், இறந்தவர்களில் பெரும்பாலோர் சிங்கள இளைஞர்கள். பெரியப்பா அப்போது கடமையில் இருந்தார். அந்த மாதத்துக்குரிய பதிவேட்டுத் தாள்கள் இல்லை. கிழிந்ததா கிழிக்கப்பட்டதா என்று தையலைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டும் சரியான நாட்கள் என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு வீடு வந்தபிறகுதான் எனக்கு மூன்றாவது ஏப்ரல் ஐந்து நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பெரியப்பா ஒரு பூசை ஒப்புக்கொடுப்பார். கோவில் குறிப்பில் ‘இறந்த ஆத்துமாக்களுக்காக’ என்று மட்டும் இருக்கும். கொழும்புக் குண்டுவீச்சில் இறந்தவர்களுக்காக என்று நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். தன் சிறுபராயத்தில் கேள்விப்பட்டவர்களுக்காக ஒருவர் ஐம்பது ஆண்டுகள் பூசை கொடுப்பாரா என்று எவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. இதை எழுதவேண்டும் என்று நான் கேட்டேன். குடும்பம் வேண்டாம் என்றது. கடைசியில் மலரில் ‘1971 ஏப்ரலில் கடமையில் இருந்தார்’ என்ற ஒரு வரியும், பதினெட்டுப் பக்கம் தள்ளி, ‘ஆண்டுதோறும் ஏப்ரல் 5இல் பூசை ஒப்புக்கொடுப்பார்’ என்ற இன்னொரு வரியும் வந்திருக்கின்றன. கவனமாக வாசிப்பவர் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அச்சகத்துப் பிள்ளை சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். இறுதிப் பிரதியில் அந்த இரண்டு வரிகளையும் அவர் பந்திக்குள் புதைக்காமல் தனித்தனி வரிகளாகவே விட்டிருந்தார்.

அச்சின் தரம் பற்றிக் கொஞ்சம். உட்பக்கங்களில் கறுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது. படங்களில் சாம்பல்நிறப் படிகள் தெளிவாகப் பிரிகின்றன. அட்டையின் மங்கலான லமினேற் கைரேகையை வாங்காது, ஆனால் மடிப்பில் வெடிக்கிறது; இருபது பிரதிகளாவது அப்படி வந்திருந்தன. 52 பக்கங்களுக்குப் பின் அடித்த கட்டு எல்லைக்கோடு, நடுத்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. பணம் இருந்தால், முதுகில் பசை ஒட்டும் பேர்பெக்ற் கட்டுக்குப் போவது நல்லது. ‘நன்றி நவில்கின்றோம்’ பக்கத்தில் மருமக்கள் ஒருவரின் பெயர் விடுபட்டுப்போனது என் கவனக்குறைவு. அதற்கு 300 திருத்தச் சீட்டுகளை அடுத்த நாள் காலையில் இலவசமாக வெட்டித் தந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோவில் வாசலில் மலரைக் கொடுத்தோம். ஒருவரும் வாங்க மறுக்கவில்லை. பிள்ளையைக் குண்டுவீச்சில் பறிகொடுத்த தாய் ஒருவர் முன்னட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, இது அரிசி போட்ட பிளேனோ என்று கேட்டார். ஓமெனச் சொன்னேன். மலரை மடியில் வைத்துக்கொண்டார்.

அதே அச்சகத்துக்கு மீண்டும் போவேனா என்று கேட்டால், போவேன், அந்தப் பிள்ளை அங்கே வேலைசெய்யும்வரை. போகிறவர்கள் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும். மூலப் படத்தை நேரில் கொண்டுபோய் 600 டிபிஐயில் வருடச் சொல்லி, நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள். நிறமேற்ற வேண்டாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். எண்கள் எல்லாவற்றையும் தனித்தாளில் கையால் எழுதிக்கொண்டுபோய், ஒவ்வொரு மெய்ப்பிலும் ஒப்புப்பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. மற்ற நாட்களில் மதியம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் போகாதீர்கள். அந்தப் பிள்ளை சாப்பிடப் போய்விடும், கடையில் உரிமையாளர் மட்டும் இருப்பார், அவர் உடனே ஆயத்த அட்டைகளைத் திறந்து காட்டத் தொடங்கிவிடுவார்.